வெளிச்சம் காட்டி எழுப்பும் அலாரம் விளக்கு: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

விடியல் விளக்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் படுக்கையறை ஜன்னலைப் பாருங்கள். கிழக்கே பார்த்த ஜன்னல், மெல்லிய திரை, ஆறரைக்கு மேல் எழுந்தால் போதும் என்ற நிலை இருந்தால் இந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் 5.45 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், ஜனவரியில்கூட 6.40ஐத் தாண்டுவதில்லை. திரையை விலக்கி வைத்துப் படுத்தாலே வேலை முடிந்தது.

இந்த விளக்கு தேவைப்படுவது எங்கள் வீடு மாதிரி வீடுகளுக்கு. பள்ளிக்கரணையில் ஃப்ளாட், படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், பையனுக்கு ஸ்கூல் வேன் 6.50க்கு, அதனால் நான் ஐந்தேகாலுக்கு எழுந்தாக வேண்டும். கணவருக்கு நைட் ஷிஃப்ட், அவர் வந்து படுக்கவே இரண்டு மணி தாண்டிவிடும். போன் அலாரம் அலறினால் என்னைவிட அவருக்குத்தான் முதலில் தூக்கம் கலையும். சத்தம் இல்லாமல் ஒருவரை மட்டும் எழுப்ப என்ன வழி என்று தேடியபோது கிடைத்ததுதான் இது.

ஆன்லைனில் இரண்டாயிரத்துச் சொச்சம். பெரிய பிராண்ட் இல்லை, இதே விளக்கை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே சின்ன வட்டம், நடுவில் மணி காட்டும் எண்கள், பின்பக்கம் எஃப்எம் ரேடியோவுக்கு ஒரு ஒயர். 5.15க்கு அலாரம் வைத்து, வெளிச்சத்துக்கு 30 நிமிடம் என்று கொடுத்தால் 4.45க்கு வேலையை ஆரம்பிக்கும். பகலில் அறையைச் சாத்தி, திரையெல்லாம் இழுத்துவிட்டு ஒரு தடவை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் பத்து நிமிடம் பீரோவின் ஓரத்தில் லேசான செம்மை மட்டும், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் ஃபேன் இறக்கைகளின் நிழல் கூரையில் சுற்றுவது தெரிகிற அளவுக்கு வெளிர் மஞ்சள். ஒளி படிப்படியாகக் கூடாமல் சில இடங்களில் சட்டென்று ஒரு எட்டு குதிக்கிறது. விழித்திருந்தால்தான் அது தெரியும், தூங்குகிறவருக்கு ஒன்றும் இல்லை.

எழுப்புகிறதா? எழுப்புகிறது. மூடிய இமை வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும். ஒலி வருவதற்குள் பெரும்பாலும் பாதி விழித்திருக்கிறேன், பல நாள் ஒலியே வேண்டியிருப்பதில்லை. எழுந்தபின் இருக்கும் அந்தத் தூக்கக் கலக்கம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு இங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்போமே அது, பொதுவாகக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைகூட நீடிக்கும். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் திடீரென்று எழுப்பப்பட்டால் இன்னும் மோசம். இந்த விளக்கு வந்த பிறகு அது எனக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது. பெட்டியில் போட்டிருந்த வாக்குறுதிகளில் இதற்கு மட்டும் முழு மார்க்.

ஆனால் அதே பெட்டியில் 'நாள் முழுவதும் ஆற்றல்' என்றும் போட்டிருக்கிறார்கள், அது சரியில்லை. எழுந்த முதல் அரை மணி நேரம் ஒரு விஷயம், மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுவது வேறு விஷயம். முதலாவதை விளக்கு சரிசெய்யும். இரண்டாவது முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தோம் என்பதில் இருக்கிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் சேர்ந்து சொன்னார்கள், அந்தக் கணக்குப்படி ஐந்தேகாலுக்கு எழுகிறவர் பத்தே காலுக்குத் தூங்கியிருக்க வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்துவிட்டு எவ்வளவு அழகான விடியலை வாங்கி வைத்தாலும் மதியம் அதன் வட்டியைக் கேட்கும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவதையும் மறுநாள் காய் நறுக்குவதையும் ஒன்பதரைக்குள் முடிப்பது என்று வைத்த பிறகுதான் மதிய அசதி குறைந்தது. விளக்கு வந்ததால் அல்ல.

இன்னொன்று, ஸ்னூஸ் பட்டன், அதாவது அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப்போடும் பட்டன். இதிலும் வைத்திருக்கிறார்கள், விளக்கின் தலையில், கை பட்டாலே அமுங்கும்படி. 1950களிலேயே அமெரிக்காவில் ஸ்னூஸ் வைத்த கடிகாரம் வந்துவிட்டது, இப்போது எல்லாப் போனிலும் அதே பழக்கம். ஸ்னூஸ் போட்டாலே உடம்பு கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக ஸ்னூஸ் போடும் 31 பேரை அரை மணி நேரம் ஸ்னூஸ் போடவிட்டுப் பார்த்தார்கள், இழந்த உறக்கம் சுமார் 6 நிமிடம்தான், எழுந்தபின் யோசிக்கும் திறனும் குறையவில்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது அதுவா? 4.30, 4.45, 5.00, 5.10 என்று வரிசையாக வைத்து, ஒருவர் எழுவதற்காக அறையில் இருக்கும் எல்லோரும் முக்கால் மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்குவது. விடியற்காலை உறக்கத்தில்தான் கனவு வரும் ரெம் கட்டம் அதிகம், அதைத்தான் அந்த வரிசை அலாரம் வெட்டுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கும் சேர்த்து. உண்மையில் எழ வேண்டிய நேரத்துக்கு ஒரே அலாரம், அவ்வளவுதான் வேண்டும். இந்த விளக்கில் இரண்டு அலாரம் மட்டுமே வைக்க முடியும் என்பதை நான் ஒரு நல்ல அம்சமாகவே பார்க்கிறேன்.

ஒலிகள் சுமார். ஏழு தேர்வுகள், அதில் பறவைச் சத்தம் எந்த நாட்டுப் பறவையோ, இருபது நொடிக்கு ஒரு முறை ஒட்டுப்போட்ட இடம் 'டக்' என்று கேட்கிறது. ஏப்ரலில் வெளியே நிஜக் குயில் அதைவிட முன்னாலேயே ஆரம்பித்துவிடும். பீப் ஒலியைத் தொடவே வேண்டாம். மெட்டுள்ள ஒலியில் எழுந்தவர்கள் தூக்கக் கலக்கம் குறைவு என்று சொன்னதாக மெல்போர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்டது. நான் பியானோ மாதிரி வரும் மூன்றாவது ஒலியை வைத்திருக்கிறேன், ஏசி சத்தத்தில் அது கேட்க வால்யூம் 5க்கு மேல் வேண்டும். ஏழு கலர் லைட் சும்மா, பையன் விளையாடுவதற்கு.

பெரிய குறை கரண்ட் விஷயம். உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, அது மணியை மட்டும் நினைவில் வைக்கும். கரண்ட் போனால் வெளிச்சமும் வராது, ஒலியும் வராது. இன்வெர்ட்டர் லைன் வரும் பாயிண்டில் மாட்டுங்கள், இல்லையென்றால் ஹாலில் ஒரு போன் அலாரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி கேபிள் ரொம்பக் குட்டை, அடாப்டரும் கூடவே வராது. மணி காட்டும் எண்களை மங்கலாக்கலாம், முழுதாக அணைக்க முடியாது, இருட்டிலேயே தூங்கிப் பழகியவர்களுக்கு உறுத்தும்.

இரண்டு பேர் படுக்கும் கட்டிலில் விளக்கைத் தலைமாட்டு நடுவில் வைக்காதீர்கள். என் பக்கம் சின்ன ஸ்டூலில், என் முகத்தைப் பார்த்தபடி, முழங்கை நீளத் தூரத்தில் வைத்து ஒளியை 20இல் 14 என்று குறைத்த பிறகு கணவர் அசைவதில்லை. எழுந்ததும் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ போக முடிகிறவர்கள் விடிந்ததும் போய் நில்லுங்கள், மேகம் போட்ட காலையிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், இந்த விளக்கு பக்கத்திலேயே வைத்தாலும் சில நூறைத் தாண்டாது. மாலையில் இதையே படிப்பு விளக்காகப் பயன்படுத்தினால் ஆரஞ்சு நிறத்தில், குறைந்த ஒளியில் வையுங்கள்.

விலைக்கு 5க்கு 3.5 கொடுக்கிறேன். கேபிளும் பேட்டரியும் ஒழுங்காக இருந்தால் 4.5. இருட்டு அறை, ஆறுக்கு முன் எழுகிறவர், பக்கத்தில் வேறு நேரத்தில் தூங்கும் ஆள், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் வாங்குங்கள், தள்ளுபடி நாட்களில் ஆயிரத்தைந்நூறுக்கே வருகிறது.