ஒரே ஃப்ரேம், மூன்று ஷாக்

என் மவுண்டன் பைக்கின் ஃப்ரேம் நான்கு வருடமாக அதேதான். பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பின்பக்க ஷாக் மட்டும் இப்போது மூன்றாவது ஓடுகிறது. வண்டியோடு வந்தது, ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்கும் சின்ன ஏர் ஷாக். அப்புறம் ஆசைப்பட்டு வாங்கியது, கம்பிச் சுருள் ஸ்ப்ரிங் போட்ட காயில் ஷாக். இப்போது இருப்பது, பக்கத்தில் தனி எண்ணெய்க் குப்பி ஒட்டிய பெரிய ஏர் ஷாக். மூன்றில் தரமானது எது என்று கேட்டால் நடுவில் வாங்கியதைத்தான் சொல்வேன். கழற்றிப் பெட்டியில் போட்டிருப்பதும் அதைத்தான்.

முதல் ஷாக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏற்றத்தில் நன்றாக இருந்தது, எடையும் குறைவு. நீண்ட இறக்கத்தில்தான் மூச்சு வாங்கும். கல்லும் வேருமாக இருக்கிற பாதையில் பத்து நிமிடம் விடாமல் இறங்கினால் ரீபவுண்ட் மாறிவிடும். உள்ளே இருக்கும் கொஞ்சம் எண்ணெய் சூடாகி இளகிவிடுவதால், அமுங்கிய ஷாக் நிதானமாக எழாமல் விருட்டென்று எழும். பின்சக்கரம் குதிரை மாதிரி உதைக்கும். கீழே வந்து ஷாக்கைத் தொட்டால் கை சுடும். இரண்டு வருடம் இப்படியே ஓட்டிவிட்டுத்தான் மாற்ற நினைத்தேன்.

வாங்குவதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். 2016-இல் மெட்ரிக் அளவுகள் வந்த பிறகு இது கொஞ்சம் சுலபம். என்னுடையது 210×55. அதாவது இரண்டு முனைத் துளைகளுக்கு நடுவே 210 மி.மீ., அமுங்கும் தூரம் 55 மி.மீ. 185×55 என்று ஒன்று உண்டு, அமுங்கும் தூரம் ஒன்றுதான். ஆனால் அது ட்ரனியன் வகை, மேல்முனை பொருத்தும் விதமே வேறு. நீளம் சரியாக இருக்கிறதே என்று ஸ்ட்ரோக், அதாவது அமுங்கும் தூரம், அதிகமானதைப் போட்டால், முழுதாக அமுங்கும்போது டயர் ஃப்ரேமில் இடிக்கலாம். பழையது வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: ஃபாக்ஸ் ஆனாலும் ராக்‌ஷாக்ஸ் ஆனாலும், ஒரே பெயரில் வரும் ஷாக்குக்குள் ட்யூன், அதாவது எண்ணெய் ஓட்டத்தை அமைத்திருக்கும் விதம், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். வெளியே பார்த்தால் தெரியாது.

இனி காயில் கதை. பின்சக்கரம் 140 மி.மீ. நகர ஷாக் 55 மி.மீ. அமுங்குகிறது என்றால் சராசரி விகிதம் 2.55. தலைக்கவசம், தண்ணீர் எல்லாம் சேர்த்து நான் 75 கிலோ. அதில் 65 சதவீதம் பின்னால் விழுவதாக வைத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்தாலே ஷாக் அமுங்குகிற அளவுக்கு, அதாவது சாகுக்கு, 30 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 420-க்குப் பக்கத்தில் (ஓர் அங்குலம் அமுக்க வேண்டிய பவுண்டுக் கணக்கு) ஸ்ப்ரிங் வேண்டியிருந்தது. என் ஷாக்குக்குக் கிடைத்தவை 400, 450. 400 வாங்கினேன்.

முதல் நாள் ஓட்டியபோது இத்தனை நாள் என்ன ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. ஈரமான வேர்மேல் டயர் ஒட்டிக்கொண்டே போனது. சின்னக் கற்கள் எல்லாம் காணாமல் போயின. மூன்றாம் நாள் முழங்கால் உயரத் திட்டிலிருந்து இறங்கினேன். ஷாக் கடைசி வரை அமுங்கி முட்டி, 'டங்' என்று ஒரு சத்தம். முதுகெலும்பு வரை ஏறியது. சரி, ஸ்ப்ரிங் மெலிது என்று 450 மாற்றினேன். சத்தம் குறைந்தது, கூடவே அந்த ஒட்டுதலும் போய்விட்டது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கழன்றது.

குற்றம் ஷாக்கில் இல்லை. என் ஃப்ரேமின் விகிதம் தொடக்கத்தில் 2.65, முடிவில் 2.45. ஏறக்குறைய நேர்கோடு. காயில் ஸ்ப்ரிங்கும் நேர்கோடு. கடைசிப் பகுதியில் இறுக்கம் கூட்ட இரண்டிலும் ஆள் இல்லை. அமுங்க அமுங்க விகிதம் நன்றாக இறங்கும் ஃப்ரேமில் அதே காயில் பிரமாதமாக வேலை செய்யும். விகிதம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தை, ஷாக் வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். பார்த்தது எட்டு மாதம் கழித்து.

ஏர் ஷாக்கில் காற்று அமுங்க அமுங்கத் தானாகவே இறுகும். போதாவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் டோக்கன் போட்டுக் காற்றறையைச் சின்னதாக்கலாம். இப்போதைய ஷாக்கில் இரண்டு டோக்கன், சாக் 28 சதவீதம். எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், 15 மி.மீ. கடந்து நிற்கும். அதே திட்டில் குதித்தால் ஓ-ரிங் விளிம்புக்கு 3 மி.மீ. முன்னால் நிற்கிறது. இறக்கம் எவ்வளவு நீண்டாலும் ரீபவுண்ட் பெரிதாக மாறவில்லை, குப்பி கொடுக்கும் கூடுதல் எண்ணெய்க்கு நன்றி. வேர்மேல் காயில் கொடுத்த சுகம் இதில் முழுதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்று அடிக்கும்போது பாதி அழுத்தத்தில் நிறுத்தி, மெதுவாகப் பத்துத் தடவை அமுக்கிவிட்டு மீதியை அடியுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் இரண்டு அறைகளும் சமமாகாது, மீட்டர் பொய் சொல்லும். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' பெரும்பாலும் குழாயில் இருக்கும் காற்றுதான். நான் அதைக் கேட்டுக் கேட்டுத் திரும்பத் திரும்ப அடித்து, ஒரு மாதம் கல்லாட்டம் இறுகிய ஷாக்கில் ஓட்டியிருக்கிறேன்.

இன்னொரு அசட்டுத்தனம். ஏழாவது மாதம் பின்னாலிருந்து 'டொக் டொக்'. ஷாக் போய்விட்டது என்று கழற்றி சர்வீஸுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. வந்ததை மாட்டினால் அதே டொக். கடைசியில் பார்த்தால் ஷாக் கண்ணில், அதாவது முனைத் துளையில், இருக்கும் புஷ் தேய்ந்திருந்தது. சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கி, மற்ற கை விரலை அந்த இணைப்பில் வைத்தால் ஆட்டம் விரல்நுனியில் தெரியும். சின்ன உருளை, மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

காற்று கசியாமல் காக்கும் ஏர் சீலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது கையேடு. ஒருமுறை 120 வரை இழுத்தேன். திறந்தபோது உள்ளே எண்ணெய் மைபோல இருந்தது. இப்போது ஓட்டிய மணியை நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

பெட்டியில் இருக்கும் காயிலை நண்பனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவன் ஃப்ரேம் காயிலுக்கென்றே வளைத்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு 230×65 வேண்டும்.