ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா? சைக்கிள் பயணத்துக்கு டிரெய்லர் கட்டுமுன்

கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, மாற்றுத் துணி, கருவிகள் எல்லாம் சேர்ந்து 15 கிலோவுக்குள் அடங்கிவிட்டால் டிரெய்லர் கட்டவே வேண்டாம். நல்ல கேரியரும் இரு பக்கப் பைகளும் அந்தச் சுமையை அலுங்காமல் சுமக்கும். சுமை 25, 30 கிலோ என்று ஏறும்போதோ, கேரியர் மாட்டத் துளையே இல்லாத கியர் சைக்கிள் வைத்திருந்தாலோதான் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். யோசிக்கத் தொடங்கியதும் முதலில் வந்து நிற்கும் கேள்வி, சக்கரம் ஒன்றா இரண்டா என்பது.

கடைக்கு வந்த மாடல்களிலும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு. பாப் யாக் (BOB Yak) 16 அங்குலச் சக்கரம் ஒன்றோடு சைக்கிளின் தடத்திலேயே ஓடும். சுமை வரம்பு சுமார் 32 கிலோ. பர்லி நோமேட் (Burley Nomad) இரண்டு சக்கரம். வரம்பு சுமார் 45 கிலோ. இரண்டின் வெற்று எடையும் 6, 7 கிலோதான். வீட்டில் கட்டுபவர் அந்த எடையைப் பிடிப்பது கடினம். 10, 12 கிலோவில் முடித்தாலே கெட்டிக்கார வேலை.

பலர் சக்கரத்தையும் பெட்டியையும் பற்றியே பேசுகிறார்கள். வண்டியின் உயிர் இருப்பதோ சைக்கிளும் டிரெய்லரும் சேரும் இணைப்பில். அந்த இடத்தில் மூன்று அசைவுகள் நடக்கின்றன. திருப்பத்தில் இடம் வலமாகத் திரும்ப வேண்டும். வேகத்தடையில் மேலும் கீழுமாக மடங்க வேண்டும். மூன்றாவது, சைக்கிள் பக்கவாட்டில் சாய்வது. இரட்டைச் சக்கர வண்டி தரையில் தானாகவே நேராக நிற்பதால் சைக்கிளின் சாய்வு அதைத் தொடக்கூடாது. மூன்று அசைவுக்கும் இணைப்பு இடம்கொடுக்க வேண்டும். ஒற்றைச் சக்கர வண்டிக்குத் தானாக நிற்கத் தெரியாது. சைக்கிள்தான் அதை நிமிர்த்திப் பிடித்திருக்கிறது. ஆகவே முதல் இரண்டு அசைவுகளுக்கு வழிவிட்டு, மூன்றாவதை இறுகப் பூட்ட வேண்டும்.

கட்டும் வேலையில் உள்ள வித்தியாசம் முழுவதும் இங்கிருந்துதான் பிறக்கிறது. எல்லாப் பக்கமும் வளையும் இணைப்பைச் செய்வது எளிது. டிராக்டர், ஜேசிபி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் தடித்த ஹைட்ராலிக் ஹோஸில் (ரப்பர் குழாய்) ஒரு சிறு துண்டு வாங்கி, ஒரு முனையில் டிரெய்லரின் இழுகம்பியையும் மறுமுனையில் பின்அச்சில் மாட்டிய தகட்டின் கம்பியையும் நுழைத்து, குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் போதும். ரோஸ் ஜாயின்ட், அதாவது வளையத்துக்குள் உலோக உருண்டை சுழலும் மூட்டு, இதைவிட நேர்த்தியாகத் தெரியும். ஆனால் அது சாயும் கோணத்துக்கு எல்லை உண்டு. சைக்கிள் கீழே விழுந்தால் அந்த எல்லை தாண்டி, ஏதோ ஒன்று வளையும். ஹோஸ் துண்டு முறுக்கிக்கொண்டு பிழைத்துவிடும். எந்த இணைப்பானாலும், சைக்கிளின் சட்டத்தைச் சுற்றி ஒரு நைலான் பட்டையைக் கூடுதலாகக் கட்டாமல் சாலைக்குப் போகக்கூடாது. இணைப்பு அறுந்த நேரத்தில் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கலாம்.

ஒற்றைச் சக்கரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. சைக்கிளின் பின்சக்கரத்தை இரு புறமும் அணைத்து வரும் கவை வேண்டும். பின்அச்சின் இரு முனைகளிலும் கவையை மாட்ட லேத் பட்டறையில் கடைந்த நீள நட்டுகள் வேண்டும். இடம் வலமாகத் திரும்பச் செங்குத்தான ஒரு கீல் வேண்டும். அந்தக் கீலுக்குப் பழைய சைக்கிளின் ஹெட் டியூபை (ஹேண்டில்பார் திரும்பும் முன்குழாய்) பேரிங்கோடு வெட்டி எடுத்துப் பற்றவைப்பது நல்ல உத்தி. அதில் நூலளவு ஆட்டம் இருந்தாலும் சுமையோடு சேர்ந்து பெருகி, சைக்கிளின் வாலைப் பிடித்து யாரோ ஆட்டுவதுபோல் ஆகிவிடும். சட்டமும் முறுக்கிக்கொள்ளாத அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். சுமையில் ஏறக்குறைய பாதி சைக்கிளின் பின்அச்சில்தான் இறங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 20 கிலோ ஏற்றினால் 8 முதல் 10 கிலோ பின்டயருக்கு. இரட்டைச் சக்கரத்தில் இணைப்புக்கும் அச்சுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, 30 கிலோவின் எடைமையம் அச்சுக்கு 8 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும்படி அடுக்கினால், இணைப்பில் விழுவது 2.4 கிலோ மட்டுமே. எடைமையம் அச்சுக்குப் பின்னால் போய்விடக்கூடாது. போனால் வண்டி சைக்கிளின் பின்பகுதியைத் தூக்கும், வாலாட்டும்.

இதுவரை படித்தவர்கள் நான் இரட்டைச் சக்கரத்தின் பக்கம் என்று நினைத்திருப்பீர்கள். சாலைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. ஒற்றைச் சக்கரம் சைக்கிளின் தடத்திலேயே வருகிறது. நீங்கள் தவிர்த்த பள்ளத்தை அதுவும் தவிர்க்கிறது. இரட்டைச் சக்கரத்தோடு நீங்கள் மூன்று தடங்களில் ஓடுகிறீர்கள், அவற்றில் ஒன்றைத்தான் கண்ணால் பார்த்து ஓட்ட முடிகிறது. ராமநாதபுரம் பக்கத்துச் சாலையோரங்களில் உதிர்ந்து கிடக்கும் சீமைக் கருவேல முள்ளுக்கு இது விருந்து. வேகமாகப் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி குப்புற விழவும் வாய்ப்புண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போது, சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்து வரும் ஒற்றைச் சக்கரத்துக்கு ஈடு எதுவுமில்லை. பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளும் சுமை மட்டும் இரண்டுக்கும் பொது. அதனால்தான் சீட் தண்டில் மாட்டும் இணைப்பை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. செய்வதற்கு எளிது, ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து தள்ளினால் சைக்கிள் தடுமாறும். பின்அச்சே சரியான இடம், இரட்டைச் சக்கரத்துக்கு அதிலும் செயின் இல்லாத இடப்பக்கம்.

என் தீர்ப்பு இது: மலைப்பாதையும் ஒற்றையடிப் பாதையும்தான் உங்கள் பயணம் என்றால், நம்பகமான லேத் பட்டறை அருகில் இருந்தால், ஒற்றைச் சக்கரம். மற்ற எல்லோருக்கும் இரட்டை. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சமதளத்தில் அதன் குறைகள் பெரிதாகத் தெரியாது. கழற்றி வைத்தால் தானாக நிற்கும். ஊர் திரும்பியபின் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் தள்ளுவண்டியாகப் போகும்.

பொருளைப் பொறுத்தவரை எனக்கு இரும்புதான். அலுமினியம் எடையில் வெல்கிறது: 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. தடிப்பில், மீட்டருக்கு அரைக் கிலோதான். அதே அளவில் 1.6 மி.மீ. இரும்பு 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்தரை மீட்டர் குழாய் போகும் வண்டியில் வித்தியாசம் நாலு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். இருந்தும், வழியில் அலுமினியம் விரிசல் விட்டால் அதைப் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டும். இரும்பை எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம். 1.2 மி.மீ. குழாய் இன்னும் இலகு, ஆனால் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் எளிதில் ஓட்டை விழும். ஜிஐ பைப் வேண்டாம்: பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். கல்மூங்கிலில் கட்டுபவர்கள் உண்டு. தண்டு தாங்கும், மூட்டுகளில்தான் பிளக்கும்.

சக்கரம் 20 அங்குலமாக இருக்கட்டும். சிறுவர் சைக்கிளின் முன்சக்கரம் போதும், டியூப் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சைத் தாங்கும்படி கட்டினால் மெல்லிய சைக்கிள் அச்சு வளைந்துவிடும். இரு பக்கமும் தாங்கும் சட்டம் வேண்டும். சட்டத்தின் அளவை நீங்களாகக் கணக்கிட வேண்டியதில்லை. 60க்கு 40 சென்டிமீட்டர் தக்காளி கிரேட் ஒன்றை வாங்கி அதைச் சுற்றிக் கட்டுங்கள். உடைந்தால் அடுத்த சந்தையில் இன்னொன்று. கிரேட்டின் அடியில் ஓட்டைகள் உண்டு, மழைநீர் தேங்காது. துணிமணி மட்டும் நீர்புகாப் பைக்குள் போகட்டும்.

கட்டி முடித்ததும் 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றி, உங்கள் தெருவின் மோசமான வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். பிறகு பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். சுமை ஏறியதும் சைக்கிளின் பின்விளக்கு மறைந்துவிடும் என்பதால், சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் டிரெய்லரின் வாலிலும் சக்கரங்களின் வெளிவிளிம்பிலும் இருக்க வேண்டும்.