ஃபைப்ராய்டு ஆபரேஷன் ஆனவர்கள் இந்த ஏஎம்எச் பேக்கேஜை வாங்கலாமா? 5க்கு 2

சிங்கப்பூரில் நொவீனா பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் கருத்தரிப்புத் திறன் பரிசோதனை என்று ஒரு பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள். ஏஎம்எச் என்கிற ஹார்மோனுக்கான இரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், அப்புறம் ஆலோசகரோடு கொஞ்ச நேரம் பேச்சு, அவ்வளவுதான். கிளினிக் பெயர் வேண்டாம். எனக்கு வயது 35, கல்யாணம் ஆகவில்லை, கருப்பையில் இருந்த ஃபைப்ராய்டு கட்டிகளைச் சின்னத் துளை போட்டுச் செய்யும் கீஹோல் முறையில் எடுத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. "சினைப்பைக்கு ஒன்னும் ஆகலதானே?" என்று அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், சரி பார்த்துவிடுவோம் என்று போனேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம், காத்திருக்கவே இல்லை, இரத்தம் எடுத்த நர்ஸ் கை அவ்வளவு லேசு.

ஆனால் அவர்கள் கொடுத்த படிவத்தில் அண்மையில் ஆபரேஷன் நடந்ததா என்ற கேள்வியே இல்லை, நானாகச் சொன்னதையும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டில் "வயதுக்குக் குறைவு" என்று சிவப்பில் ஒரு வரி. ஆலோசகர் உடனே முட்டை உறையவைக்கும் பேச்சை எடுத்துவிட்டார், 37 வயது வரைதான் அனுமதி, சீக்கிரம் முடிவெடுங்கள் என்று. 2023 ஜூலையிலிருந்து 21 முதல் 37 வயதுப் பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலும் உறையவைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் சட்டப்படி கல்யாணம் ஆன பிறகுதான் அந்த முட்டையைப் பயன்படுத்த முடியும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்தேன், அங்கேதான் விஷயம் புரிந்தது. ஏஎம்எச் சுரப்பது சினைப்பையில் இருக்கும் சின்னச் சின்ன முட்டைப்பைகளிலிருந்து. ஃபைப்ராய்டு இருப்பதோ கருப்பைச் சுவரில், அதை எடுக்கும்போது சினைப்பையில் கத்தியே படுவதில்லை. ஆனால் சினைப்பைக்கு வரும் இரத்தத்தில் ஒரு பங்கு கருப்பைத் தமனியின் கிளை வழியாக வருகிறது, ஆபரேஷனில் இரத்தம் அதிகம் போகாமல் இருக்க அந்தக் குழாய்களைக் கொஞ்ச நேரம் இறுக்கவோ சுருக்கவோ செய்வதுண்டு. அதனால் முதல் சில வாரங்களில் ஏஎம்எச் அளவு இறங்கி, பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பழையபடி ஏறிவிடுமாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் இந்த எண் இறங்கும், அதையும் படிவத்தில் கேட்கவில்லை! கருப்பையையே எடுப்பதும், தமனியை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் எம்போலைசேஷனும் வேறு கதை, அவற்றில் இறங்கிய அளவு திரும்ப ஏறாமலும் போகலாம், முக்கியமாக 40 தாண்டியவர்களுக்கு.

இன்னொன்றும் சொன்னார். ஏஎம்எச் காட்டுவது ஏறக்குறைய எத்தனை முட்டை மிச்சம் என்பதை மட்டும்தான். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணக்குப் போட உதவும், இயற்கையாகக் கருத்தரிப்பேனா என்பதற்கு அதில் பதில் கிடையாது, முட்டையின் தரத்தை வயதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதில் பாதியையாவது அந்த ஆலோசகர் சொல்லியிருக்கலாம், காசு வாங்கியது அதற்கும் சேர்த்துத்தானே. ஆபரேஷனுக்கு முன்பே ஒரு தடவை ஏஎம்எச் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட ஏதாவது இருக்கும், என்னிடம் அது இல்லை. சில மாதம் கழித்து மறுபடி எடுக்கப்போகிறேன், இந்தத் தடவை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்கே போவதாக இருக்கிறேன்.

இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று அந்த நர்ஸுக்கு, இன்னொன்று காத்திருக்க வைக்காததற்கு.