முடிக்க முடியாத தொகுப்புகள்: நவீன விளையாட்டு அட்டைகளோடு நெடுநாள் பழகிய அனுபவம்

விளையாட்டு அட்டைகளைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை பாக்கெட்டைப் பிரித்த அன்றே எழுதப்படுகின்றன. அட்டையின் பளபளப்பும் உள்ளிருந்து வந்த கையெழுத்தும் அவற்றில் இருக்கும். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் அந்த அட்டை என்ன ஆனது என்பது இருக்காது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு பத்தாண்டுக்கும் மேலாகக் கிரிக்கெட், கால்பந்து அட்டைகளையும், அவ்வப்போது அமெரிக்கக் கூடைப்பந்து அட்டைகளையும் சேர்த்து வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சும் படமும் தாளும் முன்பைவிட மிகவும் உயர்ந்துவிட்டன. ஆனால் ஒரு தொகுப்பை முழுமையாக முடித்தேன் என்று சொல்லும் மகிழ்ச்சியை, எதற்காக இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினோமோ அந்த மகிழ்ச்சியை, தயாரிப்பாளர்கள் திட்டமிட்டே எடுத்துவிட்டார்கள்.

என் வயதொத்தவர்களுக்கு அட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைதான். அதில் அச்சிட்டிருக்கும் ரன்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தால் படப்புத்தகம் கிடைக்கும். பிறகு ட்ரம்ப் கார்டுகள் வந்தன; அதற்குப் பிறகு ஐபிஎல் வீரர்களை வைத்து டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரிக்கெட் அட்டாக்ஸும், மல்யுத்த வீரர்களுக்கான ஸ்லாம் அட்டாக்ஸும் ஸ்டேஷனரிக் கடைகளுக்கும் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மொத்தம் எத்தனை அட்டை என்பது முன்கூட்டியே தெரியும். பையன்கள் டபுள் கார்டுகளை விரித்து வைத்துக்கொண்டு "இருக்கு, இருக்கு, இல்ல" என்று சொல்லி மாற்றிக்கொண்டே போனால், காசு அதிகம் இல்லாதவனும் பொறுமையால் ஒரு தொகுப்பை முடித்துவிடலாம். மின்னும் அட்டைகள் அப்போதும் அரிதாகத்தான் வந்தன. ஆனால் அந்த அரிதுக்கு ஓர் எல்லை இருந்தது.

இன்றைய உயர்விலை அட்டைகளில் அந்த எல்லை இல்லை. குரோம் வகை என்னும், முகப்பில் பளபளக்கும் படலம் ஒட்டிய அட்டைத் தொகுப்பு ஒன்றில் ஒரே வீரரின் ஒரே படம், முதலில் சாதாரண அட்டையாகவும், அடுத்து வானவில் நிறம் காட்டும் ரிஃப்ராக்டராகவும், அதற்கப்பால் வெவ்வேறு ஓர நிறங்களோடு வரிசை எண் பொறித்த பேரலல் (அதே அட்டையின் மாற்று வடிவம்) அட்டைகளாகவும் வருகிறது. பொன்னிறம் என்றால் 50 பிரதிகள், ஆரஞ்சு என்றால் 25, சிவப்பு என்றால் 5, இறுதியில் உலகத்துக்கே ஒன்று என 1/1 எண்ணிட்ட சூப்பர்ஃப்ராக்டர் என்பது பல தொகுப்புகளில் பழகிப்போன ஏற்பாடு. இவற்றுக்கு நடுவே அலை, புள்ளி, வெடிப்பு என்று வடிவம் மாறும் வகைகளும், குறிப்பிட்ட கடைப் பெட்டிகளில் மட்டும் வருபவையும் உண்டு. எல்லா நிறங்களையும் சேர்ப்பதை 'ரெயின்போ' என்பார்கள். ஆனால் அந்த ஒற்றைப் பிரதி ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும்வரை மற்ற எவருக்கும் ரெயின்போ முடியாது. சரிபார்ப்புப் பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரும் பழக்கம் எனக்கு இருந்தது. பட்டியலே பல பக்கங்களுக்கு நீளும் தொகுப்புகள் வரத் தொடங்கியதும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டேன்.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டால் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்கள் ஏராளம். அந்தக் காலத்து அட்டைகளில் பெரும்பாலானவை இன்றும் அடிமாட்டு விலைக்குத்தான் போகின்றன. 1994இல் நடந்த பேஸ்பால் வேலைநிறுத்தம் சந்தையை மேலும் தளர்த்தியது. எண்ணிக்கை பெருகினால் மதிப்பு போய்விடும் என்ற பாடத்தைக் கற்றுக்கொண்ட நிறுவனங்கள், எண்ணிக்கையைக் குறைப்பதற்குப் பதிலாக, குறைவானவை என்று சொல்லத்தக்க அட்டை வகைகளைப் பெருக்கின. பழைய அட்டை அரிதானதற்குக் காரணம் அது தொலைந்ததும் கிழிந்ததும் குப்பைக்குப் போனதும். 1952ஆம் ஆண்டு டாப்ஸ் வெளியிட்ட பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் அட்டையின் ஒரு பிரதி 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனதன் பின்னால் எழுபது ஆண்டுக் கால இழப்பு இருக்கிறது. இன்றைய அட்டையின் அரிதோ அச்சகத்திலேயே முடிவாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து முதலீடு என்று பேசுவதை நான் ஏற்கவில்லை.

இனி, டெல்டாவில் வாழ்பவர்களுக்கென்றே உள்ள தொல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளின் சுவர்களில் ஓதம் ஏறும். மரக் கதவு உப்பி அடைபடும். அந்த ஈரம் அட்டையையும் விடுவதில்லை. குரோம் வகை அட்டை என்பது நடுவே தாளும் முன்பக்கத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் படலமும் ஒட்டிய அடுக்கு. தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, படலம் விரிவதில்லை. எனவே அட்டை முன்பக்கமாகக் குழிந்து, வாடிய வெற்றிலையின் விளிம்பைப்போல் வளைகிறது. குளிரூட்டிய கிடங்கிலிருந்து நேராக வந்த புதிய பாக்கெட்டைக் கார்த்திகை மாதத்தில் பிரித்தால், மறுநாள் காலையிலேயே வளைவு தெரியும். இதைப் பற்றி அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களும் குறைசொல்கிறார்கள் என்றாலும், கொள்ளிடத்துக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருப்பவர் படும் பாடு சற்றுக் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், படலம் இல்லாத பழைய பபிள்கம் அட்டைகள் இவ்வளவு வளைவதில்லை. அவற்றுக்கு எதிரி ராமபாணப் பூச்சி. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு கலந்த மருந்துப் பொட்டலம் வைப்பார்கள் என்று கேட்டு, என் பழைய அட்டைப் பெட்டியிலும் ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்திருக்கிறேன். பூச்சி வரவில்லை. வசம்பினால்தான் வரவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பாதுகாப்புப் பொருள்களில் எது உழைக்கிறது என்பதை இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு தயக்கமின்றிச் சொல்ல முடியும். மெல்லிய பாலிபுரோப்பிலின் உறையான ஸ்லீவும், அதற்கு மேல் டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையும், இரண்டையும் சேர்த்து மூடும் பையும் போதும். காந்த மூடி போட்ட விலை உயர்ந்த பெட்டிகள் அழகுக்கு மட்டுமே, ஓதத்தை அவை தடுப்பதில்லை. கடைத்தெருவில் கிடைக்கும் புகைப்பட ஆல்பத்தின் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் அட்டையை நேரடியாக வைக்கவே கூடாது. வெயில் காலத்தில் அந்தப் பிளாஸ்டிக் அட்டையின் முகத்தோடு ஒட்டி, பிரிக்கும்போது மையையும் உரித்துக்கொண்டு வரும். ஸ்லீவ் போடாத பளபளப்பு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இதே கதிதான். காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே எனக்குப் பலித்த முறை. டப்பாவுக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வைத்து, அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுகிறேன். முழுக்க உலர்த்துவதும் நல்லதன்று. அட்டை எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கும்.

தரமதிப்பீடு என்னும் ஏற்பாட்டில் எனக்குள்ள மனக்குறை இன்னும் ஆழமானது. அட்டையின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, ஸ்லாப் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் முத்திரையிட்டுத் தருகிறார்கள். ஒரே அட்டைக்கு 9 கிடைத்தால் ஒரு விலை, 10 கிடைத்தால் பல மடங்கு விலை. பாக்கெட்டிலிருந்து நேராக எடுத்து, கை படாமல் ஸ்லீவில் போட்ட அட்டையும் அச்சகத்தின் வெட்டுப் பிழையால் 8 வாங்கி வருவதுண்டு. அதற்கான கட்டணத்தைச் செலுத்துவது நாம், பிழை செய்தது தயாரிப்பாளர். தரகர் வழியாக நான் அயல்நாட்டுக்கு அனுப்பிய அட்டைகள் திரும்பி வருவதற்குள் ஒரு முழுப் பருவம் கடந்து, அதில் ஒரு வீரர் அணியை விட்டே போயிருந்தார். ஸ்லாப் காற்றுப் புகாதது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, என்னிடம் ஸ்லாபுக்குள்ளேயே லேசாக வளைந்த அட்டை இருக்கிறது.

மதிப்பெண்ணை வேதவாக்காகக் கொள்பவர்கள் ஒரு வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம் முதல் சான்றிதழ் எண்ணைக் கொடுத்தது பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின், டி206 என்னும் தொகுப்பைச் சேர்ந்த சிகரெட் அட்டைக்கு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டாளியோடு சேர்ந்து அதே ஆண்டு 4,51,000 டாலருக்கு வாங்கிய அந்த அட்டைக்கு 8 என்று மதிப்பெண் கிடைத்தது. ஓரங்களை வெட்டிச் சீராக்கிய அட்டை அது என்பதை, முன்பு அதை விற்ற அட்டை ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பதுதான் விதி.

சீருடைத் துணி பதித்த அட்டைகளைப் பற்றி ஒரு சொல். வாங்குவதற்கு முன் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். இந்தத் துணி குறிப்பிட்ட எந்த ஆட்டத்தோடும் நிகழ்வோடும் பருவத்தோடும் தொடர்புடையதன்று என்று பல அட்டைகளில் அச்சிட்டிருக்கும். அப்படியானால் அது என்ன துணி என்ற கேள்விக்கு அட்டையில் விடை இல்லை. விதிவிலக்கும் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் அறிமுக ஆட்டத்தில் வீரர் உண்மையாகவே அணிந்த சட்டையின் பட்டையைச் சான்றோடு எடுத்து 1/1 அட்டையில் பதிக்கும் ஏற்பாடு இப்போது நடக்கிறது. பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸின் அத்தகைய அட்டை 2025இல் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது. துணிக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு இருந்தால் அட்டைக்கு ஒரு கதை கிடைக்கிறது என்பதை நிறுவனங்களும் அறிந்தே இருக்கின்றன.

ரிடெம்ப்ஷன் அட்டை கிடைத்தால் மகிழ வேண்டாம். வீரர் கையெழுத்திட்டுத் தராத நிலையில், அட்டைக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண்ணை வைத்து, பின்னர் அனுப்புவோம் என்பார்கள். எனக்கு வந்த எண்ணைப் பதிவு செய்து நெடுநாள் காத்திருந்தபின், இந்திய முகவரிக்கு அனுப்ப இயலாது என்று பதில் வந்தது. அஞ்சல் வழியே வாங்கும் மற்றவற்றுக்கும் சுங்க வரியும் கூரியர்க் கட்டணமும் சேர்ந்து அட்டையின் விலையை மிஞ்சுவது வாடிக்கை.

பாக்கெட் விலை ஏறியதும் பரவிய வழக்கம் பிரேக். ஒரு பெட்டியை அணிவாரியாகப் பங்கு போட்டு விற்று, நேரலையில் ஒருவர் பிரிப்பார். உங்கள் பங்குக்கான அணியின் அட்டை வந்தால் உங்களுக்கு, வராவிட்டால் வெறுங்கை. கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸின் சட்டைகளிலிருந்து எடுத்த மூன்று லோகோ பதித்த 1/1 அட்டையைத் தேடி ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள பெட்டிகள் இப்படிப் பிரிக்கப்பட்டன; 2022இல் வெளிவந்த அந்த அட்டை 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்க இரவு நமக்கு விடியற்காலை என்பதால், மயிலாடுதுறையில் எனக்குத் தெரிந்த கல்லூரித் தம்பி ஒருவர் அலாரம் வைத்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, இன்னும் ஒரே ஒரு பெட்டிதாண்ணா" என்று அவர் சொன்னபோது, 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடைசெய்த மாநிலத்தில்தான் நாம் இருக்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது புரிந்தது; ஆனாலும் அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தார்.

எதிர்ப்புக் காட்ட வேறு கடைக்குப் போகலாம் என்றால் அதற்கும் இடம் குறைந்து வருகிறது. ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் டாப்ஸின் அட்டைப் பிரிவை வாங்கியது. அமெரிக்காவின் பெரிய லீக்குகளின் உரிமங்கள் அதன் கைக்கு வரத் தொடங்கியதும், 2023 ஆகஸ்டில் போட்டி அட்டை நிறுவனமான பானினி அதன்மீது ஏகபோகக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுத்தது. போட்டியில்லாத இடத்தில் பாக்கெட்டின் விலை குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். மூடிய பெட்டிகள் வாங்குவதில்லை. கிரிக்கெட் அட்டாக்ஸ் போன்ற மலிவான தொகுப்புகளை இன்னும் முடிக்கிறேன். குறையும் எண்களைக் கும்பகோணத்துப் பள்ளிப் பிள்ளைகளிடமும் தஞ்சாவூர், மன்னார்குடி நண்பர்களிடமும் மாற்றிக்கொள்கிறேன். 1990களில் ஆஸ்திரேலியாவில் ஃப்யூட்டெரா வெளியிட்ட கிரிக்கெட் அட்டைகளை ஒற்றை ஒற்றையாக, விற்பவரிடம் மூலைகளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபின் எடுக்கிறேன். குரோம் அட்டை வேண்டும் என்றால், வரிசை எண் இல்லாத சாதாரண ரூக்கி கார்டை (வீரரின் அறிமுகப் பருவ அட்டையை), தொகுப்பு வெளிவந்து சில மாதங்கள் கழித்து வாங்குங்கள். வெளியீட்டு வாரத்து விலையில் பெரும்பகுதி அதற்குள் இறங்கியிருக்கும். ஓர் அட்டையின் விலையோடு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்து வாங்கினாலும் ஒரு பிரேக் பங்கின் செலவு ஆகாது.