இன்டெலா, ஏஎம்டியா: சிப்புக்கு முன் சாக்கெட்டைப் பாருங்கள்

புதிதாக டெஸ்க்டாப் கட்டப்போகிறேன், இன்டெலா ஏஎம்டியா, எந்த பிராசசர் எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "அஞ்சு வருஷம் கழிச்சும் இதே போர்டுலதான் ஓட்டப்போறீங்களா?" ஆமாம் என்றால், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். போர்டு என்பது மதர்போர்டு, அதில் பிராசசர் சிப் உட்காரும் இடம்தான் சாக்கெட். அது பொருந்தாவிட்டால் புது சிப் பழைய போர்டில் ஏறாது.

2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் சிப்புகளை இறக்கும் வரை, சாதாரண டெஸ்க்டாப்பில் இன்டெல் பல வருஷமாக நாலு கோருக்கு மேல் தரவே இல்லை. கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை. இன்டெலின் 242 டாலர் ஐ5-7600கே-வில் 4 கோர், 4 த்ரெட். 219 டாலர் ரைசன் 5 1600-இல் 6 கோர், 12 த்ரெட். அந்த அக்டோபரிலேயே இன்டெலும் ஆறு கோருக்கு வந்துவிட்டது. போட்டி வந்தால்தான் நமக்கு நல்ல சரக்கு கிடைக்கிறது. ஆனால் அந்த ஆறு கோர் சிப்புக்குப் புது போர்டு வேண்டும் என்றார்கள். சாக்கெட்டின் பெயர் பழைய எல்ஜிஏ 1151-தான், பழைய போர்டில் மட்டும் ஓடாது. அதை நம்பிப் போர்டு வாங்கியவர்களை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம்தான்.

என்னிடம் இருந்தது அந்த ரைசன் 5 1600-உம் ஒரு பி350 போர்டும். அந்த 300 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 சிப்புகளை ஏஎம்டி முதலில் மறுத்தது, 2022-இல்தான் அனுமதித்தது. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தேன். கூலரைக் கழற்றி, வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, ரைசன் 5000 வரிசைச் சிப்பான 5800எக்ஸ்3டி-யின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்து லீவரை இறக்கினேன். முதல் தடவை திரை வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது. ரேம், எஸ்எஸ்டி, கேபினெட் எல்லாம் அப்படியே. ஐந்து வருஷப் போர்டில் இரண்டு மடங்குக்கு மேல் வேகம்!

கேமிங்குக்கு இந்த எக்ஸ்3டி வகைதான் என் தேர்வு. அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி இருந்தால் கடுகுக்காக ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டாம் இல்லையா? பிராசசருக்கு அந்தப் பெட்டிதான் கேஷ், அடிக்கடி தேடும் தரவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் நினைவகம். ஏஎம்டி சிப்பின் மேலேயே இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டிப் பெட்டியைப் பெரிதாக்கியது. 8 கோர் ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ். 24 கோர் உள்ள இன்டெல் ஐ9-14900கே-வில் 36 எம்பி. பெரும்பாலான கேம்களில் அந்த 8 கோர் இந்த 24 கோருக்கு ஈடுகொடுக்கிறது, பலவற்றில் முந்துகிறது. அதுவும் மிகக் குறைந்த கரண்டில். இன்டெல் சிப் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும்.

வீடியோ எடிட்டிங் என்றால் என் பதில் வேறு. வீடியோவுக்கென்றே இன்டெல் சிப்பில் இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி, கேமராவில் எடுத்த கிளிப்பை டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது திக்காமல் ஓட்டும். எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டருக்கு அந்த 24 கோரும் உழைக்கும். கம்ப்யூட்டரைச் சும்மா ஆன் செய்து வைத்திருக்கும் நேரத்தில் கரண்டும் பொதுவாக இன்டெலில் குறைவு. ஆனால் 13, 14-ஆம் தலைமுறை சிப்புகளில் வோல்டேஜ் ஏறி சிப்பே கெட்டுப்போகும் சிக்கலை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பயாஸ் புதியதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

சந்தையில் இன்றும் பெரிய அண்ணன் இன்டெல்தான், லேப்டாப் கடையில் ஸ்டிக்கரைப் பார்த்தாலே தெரியும். சர்வர் பக்கம்தான் காற்று மாறியிருக்கிறது. 2024-இன் மூன்றாம் காலாண்டில் டேட்டா சென்டர் வருமானத்தில் ஏஎம்டி, சுமார் 3.5 பில்லியன் டாலரோடு இன்டெலைத் தாண்டியது. அதில் ஏஐ வேலைக்கான ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) விற்பனையும் சேர்த்தி. சொந்த சிப் ஆலைகளை 2009-இல் பிரித்துக் கொடுத்துவிட்ட ஏஎம்டி, பிறகு மற்றவர்களுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி-யிடம் போய் ஜெயித்தது. ஆலையே தன் பலம் என்றிருந்த இன்டெலும் 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் டெஸ்க்டாப் சிப்புகளின் கோர்கள் இருக்கும் பகுதியை அதே டிஎஸ்எம்சி-யிடம்தான் செய்து வாங்கியது. அதற்கும் புது சாக்கெட், எல்ஜிஏ 1851.

7800எக்ஸ்3டி போன்ற புதிய ரைசன்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-உம் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பட்ஜெட் இடித்தால் நல்ல ஏஎம்5 போர்டும் ஒரு சின்ன ரைசனும் இப்போது எடுங்கள். எக்ஸ்3டி-யைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.