டக்ஸ்கிட்டாரா, மியூஸ்ஸ்கோரா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களோடு வாசிக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: டேப் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும் குறிப்பு) எழுதி ஒலிக்கவைக்கும் இந்த இரண்டு மென்பொருள்களில், கிட்டார் சத்தம் நிஜமாகக் கேட்க எது நல்லது?

செலவு: இரண்டும் இலவசம்.

கணினி: டக்ஸ்கிட்டார் பழைய லேப்டாப்பிலும் ஓடும். மியூஸ்ஸ்கோரில் நல்ல ஒலி வேண்டுமென்றால் மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்பையும் தனியாக இறக்க வேண்டும். இடம் நிறையப் பிடிக்கும்.

ஒலி: டக்ஸ்கிட்டாரின் மிடி ஒலி (குறிப்பைப் படித்துக் கணினி தானே வாசிப்பது) முதலில் பொம்மைக் கிட்டார் மாதிரிதான். நல்ல சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு சுரத்தின் அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். விரல் பட்ட உணர்வு அங்கேதான் வருகிறது. 2023 டிசம்பரில் வந்த மியூஸ்ஸ்கோர் 4.2-இல் கம்பியை இழுத்து வளைக்கும் பெண்டும் ஒலிக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

தினசரிப் பயிற்சிக்கு டக்ஸ்கிட்டார் போதும். கல்யாண மேடைக்கு மாதிரிப் பதிவு அனுப்புவதென்றால் மியூஸ்ஸ்கோர்.