அலாரம் சூப்பர், ஆனா அந்த டிக்கி ஒயர் இருக்கே...

நம்ம செடான்ல வெளிய வாங்கி மாட்டின அலாரம் செட் பத்தி ஒரு ஃபிரெண்டு கேட்டான், "மச்சான் இப்ப விலை குறைஞ்சிருக்கு, போடலாமா"ன்னு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டிட்டேன், அதனால அவனுக்குச் சொன்னதையே இங்கயும் முழுசா சொல்லிடறேன்.

அலாரமா மட்டும் பாத்தா குறையே இல்ல. சைரன் நல்ல சத்தம், ஷாக் சென்சார் லாரி போனாலெல்லாம் கத்தறதில்ல, பூனை ஏறினாலும் சும்மா இருக்கு, யாராச்சும் கதவை ஓங்கித் தட்டினாதான் கத்தும். எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னா, கார் லாக்ல இருக்கும்போதே ரிமோட்ல டிக்கி பட்டனை ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா டிக்கி மட்டும் திறக்கும், கதவெல்லாம் லாக்லயே இருக்கும், டிக்கியை மூடினதும் அலாரம் தானா மறுபடி ஆன் ஆயிடும். ரெண்டு கையிலயும் காய்கறிப் பையோட நிக்கறப்ப அதோட அருமை தெரியும்.

ஆனா அந்த டிக்கி பட்டன்தான் என் உயிரை எடுத்துச்சு.

மாட்டின கடைக்காரர் அலாரத்துல இருந்து வர டிக்கி ஒயரை நேரா சோலினாய்டுக்கே, அதாவது கரண்ட் குடுத்தா டிக்கி லாக்கை இழுத்துத் திறக்கற காந்தச் சுருளுக்கே, குடுத்துட்டாரு. அந்த ஒயர்ல வரது மைனஸ் சிக்னல், 200 மில்லி ஆம்பியருக்கு மேல தாங்காதுன்னு கூட வந்த டயக்ராம்லயே போட்டிருக்கு, சோலினாய்டு இழுக்கறதோ பல ஆம்பியர். அமுக்கினா டிக்குன்னு ஒரு சின்ன சத்தம் வரும், லாக் அசையாது. நல்லவேளை அலாரம் பெட்டி கருகல. இன்னொரு எலக்ட்ரீசியன் ரிலே போட்டுக் குடுத்தாரு, சின்ன கரண்டை வெச்சு பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச் அது. ரிலே கால் நம்பர்படி சொன்னா, 86ல பியூஸ் வழியா 12 வோல்ட், 85ல அலாரம் ஒயர், 30ல தனி பியூஸ், 87ல இருந்து சோலினாய்டு. ரிலே காயில் 150 மில்லி ஆம்பியர் கிட்டதான் எடுக்கும், அதை அலாரம் தாங்கிடும். ரிலே ஆஃப் ஆகும்போது காயில்ல இருந்து வர திடீர் வோல்டேஜ் அலாரத்தைக் கெடுக்காம இருக்க, காயிலுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டயோடும் போட்டாரு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ல வரணும். கொஞ்ச நாள் ஜம்முன்னு வேலை செஞ்சுது.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல இருக்கற லீவரை இழுத்தா எப்பவும் திறக்குது, அப்ப லாக்ல குறை இல்ல. ரிலே டக்குனு அடிக்கறது காதுல கேக்குது, அப்ப அலாரத்துலயும் ரிமோட்லயும் குறை இல்ல. எர்த்தா இருக்கும்னு பாடில இருந்து தனியா ஒரு ஒயர் இழுத்துப் பாத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. எந்தக் கடைக்குப் போனாலும் டிக்கியைத் திறந்து வெச்சுட்டு மல்டிமீட்டரை வெப்பாங்க, 12 வோல்ட் காட்டும், பட்டனை அமுக்கினா சோலினாய்டு இழுக்கும், "சார் எல்லாம் கரெக்டா இருக்கு"ன்னு அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்து டிக்கியை மூடினா திறக்காது. எவ்வளவு கோவம் வரும் சொல்லுங்க.

விஷயம் அங்கதான் இருக்கு. டிக்கி மூடினாதான் ஹின்ஜ் (மூடியோட கீல்) கிட்ட, ரிலேல இருந்து சோலினாய்டுக்குப் போற ஒயர் மடங்கும். அப்ப திறந்து வெச்சு டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்? மல்டிமீட்டரும் கரண்டே இழுக்காது, ஒயருக்குள்ள ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் முழு 12 வோல்ட் காட்டும். அதனால 21 வாட் இண்டிகேட்டர் பல்பை சோலினாய்டு கனெக்டர்ல மாட்டி, அதோட ஒயரை நீளமா விட்டு, பின் சீட்டை மடக்கி பல்பை உள்பக்கம் எடுத்து வெச்சு, டிக்கியை மூடிட்டு பட்டனை அமுக்கினோம். பல்ப் மங்கலா மினுக்குச்சு. டிக்கியைத் திறந்துட்டு அமுக்கினா பளிச்சுனு எரியுது. ஹின்ஜ் பக்கம் டேப்பைப் பிரிச்சா, மேல இன்சுலேஷன் நல்லாவே இருக்கு, உள்ள செம்பு இழை முக்கால்வாசி அறுந்து கிடக்கு. கம்பெனி ஒயரெல்லாம் ரப்பர் குழாய்க்குள்ள போகுது, இது மட்டும் வெளிய டேப் சுத்தி ஹின்ஜ்லயே கட்டி விட்டிருந்தாங்க, அதுவும் நூல் மாதிரி மெல்லிசா.

நிறைய இழை இருக்கற நல்ல ஒயரா வாங்கி, அதே ரப்பர் குழாய்க்குள்ள விட்டு, கொஞ்சம் லூஸ் வெச்சு, ஜாயின்ட்டை மடங்கற இடத்துக்குத் தள்ளி சோல்டர் பண்ணி ஸ்லீவ் போட்டாச்சு. அதுக்கப்புறம் பிரச்சனையே இல்ல.

ஒயர் போட்டது கடைக்காரர் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா டிக்கி வசதின்னு அட்டைல பெருசா போட்டு விக்கறவங்க, நூத்தம்பது ரூபா ரிலேயை உள்ள வெச்சுக் குடுத்தா என்ன? ரிலே போடணும்னு டயக்ராம் மூலைல பொடி எழுத்துல இருக்கு, அதை எந்தக் கடையில படிக்கறாங்க? இன்னைக்கும் தினம் அந்தப் பட்டனைத்தான் அமுக்கறேன், அவ்வளவு பிடிச்சிருக்கு, இருந்தாலும் ஃபிரெண்டுகிட்ட வாங்காதடான்னுதான் சொன்னேன். அவன் கேக்க மாட்டான், வாங்கிடுவான். அப்படி வாங்கினா மாட்டும்போது கூடவே நில்லு, டிக்கியை மூடி வெச்சு அமுக்கிப் பாத்து திறந்தாதான் காசைக் குடுன்னு சொல்லிருக்கேன்.